சம்படத்தில் கீழே போன மருந்து

1

மருந்தின் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிறவர், அந்த மருந்து கடைசியில் எந்த உயிரின் கழுத்தில் விழுகிறது என்பதற்கு எதுவரை பொறுப்பாவார்?

இந்தக் கேள்வியை நான் தேடிப் போகவில்லை. சென்ற ஆண்டு ஆடி மாதம், ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பூனை நடுங்கத் தொடங்கியபோது அதுவே என்னைத் தேடி வந்தது. இப்போது ஓர் ஆண்டு நிறைந்துவிட்டது. நேற்று இங்குள்ள மருந்துக் கடையில் அதே பெட்டியை மறுபடியும் கையில் எடுத்தேன். அதன் முன்பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூனைப் படம். அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கடையிலேயே சற்று நேரம் நின்றுவிட்டேன். நடந்ததை எழுதிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் தங்கையோ தம்பியோ உங்களுக்கும் இருப்பார்கள். அவர்களுடைய பெட்டியை நீங்களும் ஆவலோடு திறப்பீர்கள்.

2

நாங்கள் வசிப்பது ஜெர்மனியின் தென்மேற்கில், காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில். நான், என் கணவர், பதினான்கு வயது மகள் நிலா, ப்ரூனோ என்ற நாய். இங்கே கோடை என்றால் உண்ணிக் காலம் என்று பொருள். நிலா மழலையர் பள்ளியில் இருந்தபோது, குழந்தைகளைக் காட்டுக்கு அழைத்துச் சென்ற நாள்களில் ஆசிரியை ஒரு சீட்டுக் கொடுத்தனுப்புவார்: "இன்று காட்டுக்குச் சென்றோம். குழந்தையின் காது மடலின் பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களைப் பார்க்கவும்." முதல் சீட்டு வந்தபோது என் ஜெர்மன் அரைகுறை. குழந்தை ஏதோ குற்றம் செய்துவிட்டாள் என்று எண்ணி, மறுநாள் மன்னிப்புக் கேட்கவே போய்விட்டேன்.

ப்ரூனோ வந்தபோது நகராட்சி அலுவலகத்தில் அவனைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவனுடைய தாய் என்ன இனம், தந்தை என்ன இனம், எந்த மாதம் பிறந்தான், உடலில் பொருத்திய மின்னணுச் சில்லின் எண் என்ன, இதற்கு முன் எந்த முகவரியில் இருந்தான் என்று ஒரு படிவம். எங்கள் திருமணத்தைப் பதிவு செய்தபோதுகூட யாரும் இவ்வளவு கேட்கவில்லை. கால்நடை மருத்துவரிடம் முதல் முறை போனபோது, வகுப்பில் சொல்லிக்கொடுத்த மரியாதைப் பன்மை மட்டுமே எனக்குப் பழக்கமாக இருந்ததால், மேசையில் ஏற மறுத்த நாயைப் பார்த்து, "தாங்கள் தயவுசெய்து மேலே வாருங்கள்" என்றேன். மருத்துவர் சிரித்தது பெரிதில்லை. நிலா அடுத்த ஒரு வாரம் அப்பாவிடம் அதையே சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் உண்ணி விஷயத்தில் இந்த ஊர் என்னைத் திருத்தியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தினமும் மாலை நடை முடிந்ததும் வாசல் மிதியடியிலேயே உட்கார்ந்து, ப்ரூனோவின் காதுகள், கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, கால் விரல்களின் இடுக்கு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம். உண்ணி இருந்தால், நுனியில் பிளவுபட்ட ஒரு சிறு பிளாஸ்டிக் அட்டையைத் தோலோடு ஒட்டிச் செலுத்தி, நசுக்காமல் முழுதாக எடுக்கிறோம். மாதம் ஒருமுறை கழுத்தில் சொட்டு மருந்து. ஐந்து ஆண்டுகளாக இதே வழக்கம். பழகிவிட்ட ஒன்றை நாம் படிப்பதை நிறுத்திவிடுகிறோம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

3

அக்கா வளர்மதியின் வீடு மேலூர் சாலைப் பக்கம். மாடியில் அக்காவும் அத்தானும். கீழே கோமளம் மாமி. அத்தானுக்கு ஜீயபுரத்தில் வாழைத்தோட்டம். அவர்களுடைய நாயின் பெயர் கேப்டன். லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த பெரிய உடம்பு. அத்தானோடு தோட்டத்துக்குப் போவான், வாய்க்காலில் புரள்வான், வாழைச் சருகில் படுப்பான், உடம்பெல்லாம் உண்ணியோடு திரும்புவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காணொளியில் அழைத்தேன். இருவரும் மொட்டை மாடியில், நடுவில் கேப்டன் மல்லாந்து கிடந்தான்.

"என்னக்கா பண்ற?"

"தெரியல? உண்ணி பொறுக்குறதுதான் பொழுதுபோக்கு. உங்க அத்தானுக்கு முப்பது ஆச்சு, எனக்கு நாப்பத்தஞ்சு."

பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது: "அவ கடுகு மாதிரி இருக்கறதெல்லாம் சேத்து எண்றா சுதா. நான் பெருசு மட்டுந்தான் கணக்குல வெக்கிறேன்."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தான் டீசலில் நனைத்த துணியை எடுத்து நாயின் வயிற்றைத் துடைத்தபோது என் சிரிப்பு நின்றது.

"அத்தான், அது தோலைப் புண்ணாக்கிடும். நக்கினான்னா வயித்துக்குள்ள போயிடும். விஷம்!"

"மோட்டார் கொட்டாயில இதுதாம்மா இருக்கு. நீ வர்றப்ப உங்க ஊரு மருந்த எடுத்துட்டு வா. அன்னைக்கே இந்தத் துணியக் கொளுத்திடுறேன்."

இவ்வாறு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. என் தரப்பை நான் மிகுந்த ஆர்வத்தோடு நிறைவேற்றினேன். கேப்டனின் எடையைக் கேட்டு, அதற்குரிய அளவில் ஆறு குழாய்கள் வாங்கினேன்.

இனிப் பெட்டி கட்டும் கதை. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் யாரும் எந்தப் பொருளையும் அதன் அட்டையோடு ஊருக்குக் கொண்டு போவதில்லை. இருபத்து மூன்று கிலோவுக்குள் இன்னும் இரண்டு சாக்லேட் பொட்டலம் திணிக்க வேண்டுமே! பற்பசை, சோப்பு, முகப்பூச்சு, எல்லாவற்றையும் உரித்துத்தான் அடுக்குவோம். புறப்படுவதற்கு முதல் நாள் எங்கள் வரவேற்பறை முழுக்கக் கிழிந்த அட்டைகள் கிடந்தன. உண்ணி மருந்தின் பெட்டியைக் கிழிக்கும்போது நிலா தடுத்தாள்.

அவளுடைய தமிழைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எங்களுக்கு ஜெர்மனில்தான் பதில் வரும். ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் ஆதலால், தமிழ் பேச நேர்ந்தால் பாடப்புத்தகம் போலப் பேசுவாள்.

"அம்மா, இதில் தகவல் இருக்கிறது. இதைக் கிழிக்கக் கூடாது."

"தகவலெல்லாம் என் தலைக்குள்ள இருக்கு. நீ டேப்ப எடு."

அவள் டேப்பை எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கிழிந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தி, எல்லாப் பக்கங்களையும் செல்பேசியில் படம் எடுத்தாள். எனக்கு எதிராகச் சாட்சியம் சேர்க்கிறாள் என்று நினைத்தேன். அந்த வயதுக்கு அதுவும் இயல்புதான். வருத்தம் என்னவென்றால், நம் வழக்கங்கள் அவளுக்கு வேடிக்கையாகவும் சில சமயம் குற்றமாகவும் தெரிகின்றன என்பதுதான்.

ஆறு குழாய்களையும் தனித்தனியாக வெட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டேன். பையின் மேல் மை பேனாவால் தமிழில் தெளிவாக எழுதினேன்: "உண்ணி மருந்து. கழுத்தில் விடவும். மாதம் ஒருமுறை." எழுதிய வரியில் நாய் என்ற சொல் இல்லை. அக்கா வீட்டில் இருப்பது நாய்தானே என்று எண்ணியிருக்கிறேன்.

4

கணவரை ப்ரூனோவோடு விட்டுவிட்டு நானும் நிலாவும் போய் இறங்கிய அரை மணி நேரத்தில் கீழிருந்து ஒரு சம்படம் நிறையப் புளியோதரை வந்தது. கோமளம் மாமி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள், மகன் அமெரிக்காவில். தனியாக இருந்தவருக்குத் துணையாக மதில் ஏறி வந்து சேர்ந்தது பட்டு என்ற சாம்பல் நிறப் பூனை. மாமி அதை அஃறிணையில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வந்த பாத்திரத்தை வெறுமனே கழுவித் திருப்பித் தருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. இரண்டு எலுமிச்சையாவது, ஒரு பிடி சர்க்கரையாவது உள்ளே இருக்க வேண்டும். எட்டு ஆண்டுகளாக அந்த ஒரே சம்படம் அந்தப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அது முதலில் யாருடையது என்பதே இரு வீட்டாருக்கும் மறந்துவிட்டது. பயணக் களைப்பில் நான் பகலிலேயே தூங்கிப்போனேன். அந்த நேரத்தில் அக்கா என் பெட்டியைத் திறந்து, சம்படத்தில் சாக்லேட், லாவெண்டர் சோப்பு ஆகியவற்றை வைத்துவிட்டு, இன்னும் இடம் இருக்கிறதே என்று பார்த்திருக்கிறாள். பட்டு இரண்டு வாரமாகத் தெள்ளுப்பூச்சி தாங்காமல் சொறிந்துகொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. ஆறில் ஒரு குழாய் கீழே போனது.

எனக்கு இது தெரியாது. கேப்டனுக்கு மட்டும் மருந்து விட்டோம். இரண்டே நாளில் உண்ணிகள் காய்ந்து உதிர்ந்தன. அத்தான் அவற்றை மொட்டை மாடியில் பெருக்கித் தள்ளிக்கொண்டே, "ஜெர்மன்னா ஜெர்மன்தான்யா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

5

வியாழக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். கோமளம் மாமி படியேறி வந்தார். கையில் துண்டில் சுற்றிய பட்டு.

"வளர், இவளுக்குக் குளிர்ற மாதிரி நடுங்கறதுடி. இந்த வெயில்ல என்ன குளிர்? கொஞ்சம் பாரேன்."

குளிர் நடுக்கம் போலத்தான் முதலில் தெரிந்தது. உற்றுப் பார்த்தபோது காது நுனிகள் துடித்தன, முதுகுத் தோலுக்குள் அலை ஓடுவதுபோல் இருந்தது, வாயோரம் நுரை.

"என்ன மாமி சாப்ட்டுச்சு?" என்று கேட்டேன்.

"கார்த்தால பால் குடிச்சா. அப்புறம் எதையும் தொடலை. செத்த எலியக் கிலிய கடிச்சுட்டாளோன்னு எனக்கு திக்குதிக்குங்கறது."

துண்டை விலக்கினேன். கழுத்தின் பின்புறம் மயிர் எண்ணெய் பட்டதுபோல் ஒட்டிப் பிரிந்திருந்தது.

"இது என்ன மாமி, எண்ணெய்?"

"அதுவா? நீ கொண்டுவந்த மருந்துதான். வளர் குடுத்தாளே. நல்ல நாளாப் பாத்து விடலாம்னு எடுத்து வெச்சிருந்தேன். இன்னிக்குப் பெருமாளைச் சேவிச்சுட்டு முழுசா விட்டேன்."

அந்தச் சிவப்புக் கோட்டை அப்போதுதான் என் மனம் பார்த்தது. ஐந்து ஆண்டுகளாக மாதந்தோறும் என் கையில் இருந்த பெட்டி. வீட்டில் பூனை இல்லாததால் ஒரு நாளும் நான் அதைப் படித்ததில்லை.

"மாமி, அது நாய்க்கு மட்டுந்தான். பூனைக்கு ஆகாது" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவின் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

"பெரியம்மா," என்று நிலா எழுந்தாள். "கேப்டனுக்குத் தடுப்பூசி போட்ட மருத்துவரின் எண்ணைத் தாருங்கள். மருந்தின் பெயர் என்னிடம் இருக்கிறது. நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்."

மருத்துவர் உடனே எடுத்தார். நிலா மருந்தின் பெயரையும் அதில் கலந்துள்ள பொருளின் பெயரையும் படித்ததும் மறுமுனையில் குரல் வேகமானது.

"பெர்மெத்ரினா? எப்ப விட்டீங்க?"

"எட்டரை மணி இருக்கும்" என்றார் மாமி.

"பாத்திரம் தேய்க்கிற லிக்விட் இருக்குல்ல? வெதுவெதுப்பான தண்ணியில கழுத்து, முதுகு எல்லாம் நுரை வர ரெண்டு மூணு தடவ கழுவுங்க. சூடா ஊத்தாதீங்க. தொவட்டி, துணியில சுத்தி உடனே கிளம்பி வாங்க. கை கால் இழுத்துச்சுன்னா கழுவிக்கிட்டு நிக்காதீங்க, நேரா வாங்க."

அக்கா வீட்டுச் சமையலறைத் தொட்டியில் நான்கு பெண்கள் ஒரு பூனையைக் கழுவினோம். பட்டு அந்த நடுக்கத்திலும் மாமியின் முழங்கையில் மூன்று கோடு கிழித்தாள். "கீறு, நன்னாக் கீறு. தெம்பு இருக்குன்னு தெரியறதே" என்று மாமி அவளிடம் பேசிக்கொண்டே நுரையை வழித்தார். அத்தான் ஆட்டோ பிடித்து வந்தார்.

6

பட்டுவைக் காய்கறி வாங்கும் ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, மாமி மடியில் வைத்துக்கொண்டார். இருபுறமும் நானும் நிலாவும். அக்காவும் அத்தானும் வண்டியில் பின்னால் வந்தார்கள்.

"கொழந்தைக்கு உடம்பு சரியில்லீங்களா?" என்று ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"பூனைங்க" என்றேன்.

"எங்க வீட்ல மூணு கெடக்குதுங்க. கெட்டியாப் புடிச்சுக்கங்க, பாலத்துல மட்டும் வெரசாப் போயிடுறேன்."

ஆடியின் புது வெள்ளம் காவிரியில் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் பாலத்தில் நான் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்ப்பேன். அன்று ஆற்றைத் திரும்பிப் பார்த்ததாகவே நினைவில்லை. மாமி மட்டும் பேசினார். குட்டி ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலும் தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போய்க் காப்பதுபோல் பெருமாள் அடியாரைக் காப்பார் என்பது மாமியின் சம்பிரதாயத்தில் சொல்லும் உவமை.

"பூனைக்குட்டி மாதிரி இரு, அவன் பாத்துப்பன்னு பெரியவாள்லாம் சொல்லுவா. இங்க பாரு, பூனையையே நான் தூக்கிண்டு ஓடறேன். யார் யாரைக் கவ்விண்டு போறான்னே தெரியலை" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். கூடையின் மேல் துண்டை இன்னும் இழுத்துப் போர்த்தினார்.

தில்லை நகரில் ஒரு சிறிய மருத்துவமனை. மருத்துவர் முப்பது வயதுப் பெண். ஊசி போட்டுக்கொண்டே நிலாவிடம், "அட்டையில என்ன எழுதியிருக்குன்னு படிம்மா" என்றார்.

நிலா செய்தி வாசிப்பதுபோல் மொழிபெயர்த்தாள்: "பூனைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. மரணம் விளைவிக்கலாம்."

"அத விடும்மா. எத்தன சதவீதம், எத்தன மில்லி, அத மட்டும் சொல்லு."

மாமி சுவரில் சாய்ந்துகொண்டார். நிலா தன் தவறை உணர்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விடவில்லை.

நரம்பு வழியாக மருந்து ஏற்றிய பிறகு மருத்துவர் எங்கள் பக்கம் திரும்பினார். "நாயோட கல்லீரல் இந்த மருந்த ஒடச்சு வெளிய தள்ளிடும். பூனையோட கல்லீரலுக்கு அந்த வேலை தெரியாது. இது பெரிய நாய்க்கான அளவு வேற. நடுக்கத்த அடக்க மருந்து போட்ருக்கேன். பூனை இங்கயே இருக்கட்டும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதான் கொண்டுவந்தீங்களா?"

"ஆமா டாக்டர்."

"உண்ணி மருந்து திருச்சியில கெடைக்காதுன்னு யார் மேடம் சொன்னது? இதே ரோட்லயே இருக்கு. எடை பாத்து, வேற என்னென்ன வளக்குறீங்கன்னு கேட்டுத்தான் குடுப்போம்."

"அக்கா வீட்ல பூனை இல்ல டாக்டர்."

"கீழ் வீட்ல?"

அவரே தொடர்ந்து, "அந்த நாய்க்கும் இதே மருந்து விட்ருக்கீங்கல்ல? நான் சொல்ற வரைக்கும் அதைப் படி எறங்க விடாதீங்க. நாய் மேல உரசினாலே பூனைக்குப் பிரச்சனைதான்" என்றார்.

7

வெள்ளிக்கிழமை காலை. கேப்டனை அத்தான் மொட்டை மாடியில் கட்டிவிட்டார். அவன் காரணம் புரியாமல் குரைத்துக்கொண்டிருந்தான். அக்கா மாமியின் கண்ணில் படவில்லை. வாசலில் கோலம் போடக்கூட மாமி உள்ளே போன பிறகுதான் போனாள்.

"எட்டு வருஷம் சுதா. அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப மூணு வாரம் மாமிதான் சோறு அனுப்புனாங்க. பட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தப் படியில எறங்குவேன்?"

"எழுதுனது நான்க்கா. நாய்க்குன்னு ஒரு வார்த்த எழுதல."

"எடுத்துக் குடுத்தது நான். ஒன்ன எழுப்பிக் கேட்ருக்கலாம்."

ஆளுக்கொரு பக்கம் குற்றத்தை இழுத்துக்கொண்டோம். நான் வேறொன்றையும் எண்ணிப் பார்த்தேன். காணொளியில் அத்தானுக்கு நான் நடத்திய பாடங்கள் எல்லாம் சரியானவையே. டீசல் நாய்க்குக் கேடுதான். ஆனால் "உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்" என்று ஒரு முறைகூட நான் சொன்னதில்லை. திருச்சியில் மருத்துவம் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே என் அறிவுரையில் இடம்பெறவில்லை. நல்லது செய்யும் ஆசையோடு கலந்திருந்த அந்த அலட்சியத்தைத்தான் நான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

சம்படத்தை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. மருந்து கீழே போனது அந்தப் பழக்கத்தால்தான். ஆனால் பூனை நடுங்கிய உடனே, சாப்பாட்டு வேளை என்றும் பார்க்காமல், மாமி மேலே வந்ததும் அதே பழக்கத்தால்தான். தயங்கித் தயங்கிச் சாயங்காலம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே விரும்பவில்லை. எங்கள் ஜெர்மன் குடியிருப்பில் எதிர் வீட்டுக்காரரின் முதற்பெயர் எனக்கு இன்னும் தெரியாது.

நிலா காலையிலேயே கீழே போய்விட்டாள். "நான் உங்களுடன் இருக்கலாமா?" என்று கேட்டாளாம். "என்னடி, ரேடியோ மாதிரிப் பேசறே, வா வா" என்று மாமி அழைத்துக்கொண்டாராம். பதினொரு மணிக்கு என்னிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, மாமி பொய் சொன்னார். அவருடைய மகன் அழைத்தார். பட்டு எங்கே என்று கேட்டார். தூங்குகிறாள் என்று மாமி சொன்னார்."

"ஏனாம்?"

"உண்மையைச் சொன்னால் மகன் உடனே அங்கிருந்து வீட்டைக் கண்காணிக்க நான்கு கேமரா வாங்கி அனுப்புவாராம். பெட்டியோடு வந்தால் வைக்க இடமில்லை, பெட்டி இல்லாமல் வந்தால் பயம் என்று மாமி சொன்னார்."

சொல்லிவிட்டு நிலா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த முதல் தருணம் அது. அவள் விலகிப் போகிறாள் என்று நான் கவலைப்பட்ட அதே காலத்தில், அவள் தன் வழியில் கவனமாக இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அட்டையைப் படம் எடுத்தது என்மேல் இருந்த கோபத்தால் இல்லை என்று அன்று மாலை அவளே சொன்னாள். "தகவல் தொலைந்து போகக் கூடாது, அவ்வளவுதான்."

மதியம் இரண்டு மணிக்கு மருத்துவரின் அழைப்பு வந்தது. அக்கா செல்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"நடுக்கம் நல்லாக் குறைஞ்சிருச்சு. தண்ணி குடிச்சுது. இப்பத்தான் என்னையும் ஒரு தடவ பிராண்டுச்சு. நாளைக்குக் காலைல வந்து கூட்டிட்டுப் போங்க."

சொல்லி முடிப்பதற்குள் அக்கா படி இறங்கிவிட்டாள். நான் பின்னால் போனபோது மாமி அவளுடைய காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, விஷம் வெச்சவ மாதிரி நேத்திலேருந்து ஒளிஞ்சுண்டிருக்கே? விட்டது என் கைதானே? பேங்க்ல முப்பது வருஷம் ஒவ்வொரு காகிதத்தையும் ரெண்டு தரம் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டவ நான். ஃபாரின் சாமான்னதும் ஒரு கேள்வி கேக்கத் தோணலை எனக்கு. தப்புல எனக்கும் ஒரு பங்கு குடு, எல்லாத்தையும் அக்கா தங்கையே எடுத்துண்டா எப்படி?"

"மாமி, மன்னிச்சிருங்க மாமி..."

"போதும். இன்னும் தளிகை ஆகலை. வந்து தேங்காய் துருவிக் குடு."

8

சனிக்கிழமை பட்டுவை அழைத்து வந்தோம். அவள் ஒயர் கூடையிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் அலமாரியின் மேல் ஏறிக்கொண்டாள். மாலையில் பால் குடிக்க மட்டும் இறங்கி வந்தாள்.

மருத்துவமனையில் அன்று அத்தான் நிறையக் கேள்வி கேட்டார். நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான், மீதி உண்ணிகள் சுவர் விரிசலிலும் சாக்கின் மடிப்பிலும் முட்டையிட்டுக் காத்திருக்கின்றன என்று மருத்துவர் விளக்கியபோது, அத்தான் முகத்தில் ஒரு போர்த் தளபதியின் களை வந்தது. திரும்பும் வழியிலேயே சிமெண்டு வாங்கினார். மொட்டை மாடிச் சுவரின் விரிசல்களைப் பூசி முடித்தார். கேப்டனின் சாக்கை எரித்துவிட்டு, துவைக்கக் கூடிய பழைய போர்வை ஒன்றைக் கொடுத்தார். டீசல் துணியையும் எரித்தார். ஒப்பந்தத்தை அவர் மீறவில்லை.

புறப்படும் நாள் காலையில் மருத்துவர் கேட்டுக்கொண்டபடி நானும் நிலாவும் ஒரு தாள் தயாரித்தோம். நிலா ஒரு நாயும் ஒரு பூனையும் வரைந்தாள். நாய்க்கான மருந்தைப் பூனைக்கு விடக் கூடாது, நாய்க்கு விட்ட பிறகு அது காயும்வரை பூனையை நெருங்க விடக் கூடாது, தவறி விட்டுவிட்டால் நடுக்கம் வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும், வெளிநாட்டு மருந்தானால் அட்டையோடு கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று தமிழில் எழுதினோம். சொற்களை நான் எளிமைப்படுத்தினேன். நிலாவின் செந்தமிழில் இரண்டு வரிகளை மட்டும் மாமி மாற்ற விடவில்லை. அந்தத் தாள் இப்போது மருத்துவமனையின் காத்திருக்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

அதன் பிறகு நான் ஊருக்கு எந்த மருந்தும் எடுத்துச் செல்வதில்லை; யாராவது கேட்டால் அங்குள்ள மருத்துவரிடம் போகச் சொல்கிறேன். நிலா வெள்ளிக்கிழமைதோறும் மாமியோடு தமிழில் பேசுகிறாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை கேப்டனும் பட்டுவும் ஒரே ஆட்டோவில் தில்லை நகருக்குப் போகிறார்கள். எடை பார்த்து, இருவருக்கும் வேறு வேறு மருந்து தருகிறார்கள்.